கட்டைவிரலுக்கு எடுத்த அளவு

ஞானஜோதியின் கட்டைவிரல் பவுலிங் பந்துக்குள் மாட்டிக்கொண்டபோது மணி இரண்டரை. நான்கு மணிக்கு ஆசிரியர்களுக்கான பவுலிங் போட்டி; கனமான பந்தை உருட்டி, எதிரே நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். பள்ளி அணியில் மூன்று வருடமாக அவள் மாற்று ஆள்; அதாவது மற்றவர்களின் கைப்பையைப் பார்த்துக்கொள்ளும் ஆள். இந்த வருடம்தான் பெயர் ஏறியிருந்தது. அவளால் முடியாவிட்டால் இளைய ஆசிரியை ரேஷ்மா ஆடுவாள் என்று பி.டி. மாஸ்டர் சாம்பசிவன் சொல்லியிருந்தார்.

பந்து பழையது. முன்பு வைத்திருந்தவனுக்கு வாழைப்பழ விரல்கள் போலிருக்கிறது. விரல் நுழைக்கும் ஓட்டைகள் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தன. திருமுடிவாக்கம் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் கணவன் வில்பிரட், தானே சரிசெய்வதாக இறங்கினான். ஓட்டைகளை, காய்ந்தால் கல்லாக இறுகும் ரெசின் பசை ஊற்றி அடைத்தான். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். குழம்புப் பாத்திரம் வைக்கும் பிரிமணையில் பந்தை உட்காரவைத்து, டிரில்லால் புது ஓட்டை போட்டான். வேலையில் குறையே இல்லை. அளவில்தான் கோளாறு.

அளவை எடுத்தது செம்பாக்கத்து நகைக்கடையில். அங்கே ஒரு கொத்து அளவு வளையங்களை ஒவ்வொன்றாக அவள் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்த ஆசாரி, "இது சரி சார். சோப்பு போட்டுக் கை கழுவினாலும் கழலாது" என்றார். வில்பிரட்டுக்குப் பரம திருப்தி.

"மோதிரம்தாங்க கழலக் கூடாது. பந்து கழலணும்," என்றாள் ஞானஜோதி, இப்போது பந்து மாட்டிய கையைக் காட்டி.

"இப்பதான் எனக்கே உறைக்குது."

சோப்பு, தேங்காய் எண்ணெய் எதற்கும் விரல் அசையவில்லை. அவன் பந்தைப் பிடித்து இழுத்ததில் அவள் நாற்காலியோடு ஹாலைச் சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்றில் அவளுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் ஏறிய பிறகும் நிற்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, கைல இன்னா மாட்டிகினு கீது?"

"பந்துண்ணா."

"கயட்டிட்டு வரலாமில்ல?"

வில்பிரட் வெளியே வேடிக்கை பார்த்தான்.

அவள் பந்தும் கையுமாகப் போட்டிக் கூடத்தில் வந்து நின்றதும் சாம்பசிவன் தலையில் கைவைத்துக்கொண்டார். ரேஷ்மா எழுந்தாள். "மிஸ், நான் வேணா ஆடட்டுமா?"

"உக்காரு ரேஷ்மா. பைங்களைப் பாத்துக்க," என்றாள் ஞானஜோதி.

தன் முறை வந்ததும் நாலு எட்டு ஓடினாள். கையை வீசினாள். பந்து போனது, கூடவே அவளும் போனாள். நின்று வீச வேண்டிய கோட்டைத் தாண்டி, பந்து உருளும் எண்ணெய் பூசிய மரத்தளத்தில் குப்புற விழுந்து வழுக்கினாள். எங்கோ நடுவில் விரல் பிய்த்துக்கொண்டு வெளியே வர, பந்து தன் பாட்டுக்குப் போய் பத்துக் கட்டைகளையும் சாய்த்தது.

"ஃபவுல்," என்றார் நடுவர். "கோட்டைத் தாண்டிட்டீங்க மேடம். இதுக்குப் பாயிண்ட் கிடையாது. இன்னொரு தடவை போடலாம்."

விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. இனி எந்த ஓட்டையிலும் நுழையாது.

"போதும் மிஸ், வந்துடுங்க," என்றார் சாம்பசிவன்.

"வரமாட்டேன் சார்."

திரும்பி வந்த பந்தை இரண்டு கையாலும் தூக்கினாள். கோட்டுக்கு முன்னால் காலை அகட்டி நின்று, குடத்துத் தண்ணீரைக் கவிழ்ப்பதுபோல் உருட்டிவிட்டாள். பின்னால் யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள். வில்பிரட்தான். பந்து அவசரமே இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

ஸ்கோர் பலகையில் ஞானஜோதி என்ற பெயருக்கு நேராக ஏழு என்று விழுந்தது. மூன்று வருடத்தில் அந்தப் பெயருக்கு விழுந்த முதல் எண். அதற்குள் அவள் அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை எடுக்கப் போய்விட்டாள்.