கல்மண்டபத்துக்கு அடியில்

முத்துமாலை திருநெல்வேலிக்கும் ஏரலுக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் ஆறு நாள் ஹாரனும் விசிலும் கேட்டுச் சலித்த காதுக்கு, ஓய்வு நாளில் ஆற்றங்கரைதான் மருந்து. யாரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டார். ஏரலுக்கு மேற்கே ஒரு பழைய கல்மண்டபம் பாதி முங்கிக் கிடக்கிறது. கரையிலிருந்து முழங்கால் தண்ணீரில் இருபது தப்படி நடந்தால் கூரைமேல் ஏறிவிடலாம். ஆறு மாதமாக அதுதான் அவர் தூண்டில் போடும் இடம்.

அன்று வெயில் ஏறி ஒரு மணி நேரமாகியும் தக்கை அசையவில்லை. ஆற்றில் சத்தமே இல்லை என்பது மெல்லத்தான் உறைத்தது. கொக்கு இல்லை, தவளை இல்லை. ஒரு நீர்க்காகம் தாழப் பறந்து வந்து, கூரையில் கால் வைக்கப்போன நேரத்தில் திடுக்கிட்டாற்போல எழும்பிப் போய்விட்டது.

பிறகு எதிர்த் திட்டில் நீர்நாய்கள் வந்தன. ஐந்து. ஆளைக் கண்டால் நாணலுக்குள் பாய்ந்துவிடும் பிராணிகள் அவை. இன்று பின்னங்காலில் எழும்பி, வரிசையாக நின்று அவரையே பார்த்தன. முத்துமாலைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "என்னலே, டிக்கெட் எடுக்கணுமா?" என்றார். அவை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் காலுக்குக் கீழே பார்த்தன.

தக்கை சட்டென்று முங்கியது. இழுத்தார். கனமே இல்லை. வெளியே வந்தது ஒரு கெண்டையின் தலை மட்டும்.

அதே நேரம் கல்லுக்குள்ளிருந்து ஓர் அதிர்வு அவர் பாதத்தில் ஏறியது. காதுக்கு எட்டாத உறுமல். மண்டபத்தைச் சுற்றித் தண்ணீரின் மேல்தோல், கொதிக்கப்போகும் உலைபோலச் சிலிர்த்தது. நீர்நாய்கள் ஒருசேரக் கத்திக்கொண்டு மறைந்தன.

முத்துமாலை குப்புறப் படுத்து, கூரைக் கற்களுக்கு நடுவிலிருந்த இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். இருட்டு. பாசி வாடையும் அழுகல் வாடையும் கலந்து அடித்தன. இருட்டுக்குள் மஞ்சளாக ஒரு கண் இருந்தது. அது அவரைப் பார்த்தது. பக்கவாட்டில் ஒரு சவ்வு வந்து மூடித் திறந்தது.

போன் கரையில் நிறுத்தியிருந்த பைக் பெட்டியில் கிடந்தது. எழுந்திருக்கக்கூடப் பயமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, கரையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஊர் சொர்ணாம்பாள். ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டாள்.

"எக்கா, எறங்காதிய! முதலை!"

"என்ன அண்ணாச்சி? முதல்ல என்ன?"

"முதலை கெடக்குக்கா! மேல ஏறுங்க!"

அவள் காதில் கை வைத்தபடி இன்னும் ஓர் எட்டு உள்ளே வந்தாள். முத்துமாலை சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். கீழிருந்தது அதற்குத்தான் கிளம்பியதோ, எருமைகளுக்குத்தான் கிளம்பியதோ, மண்டபத்தின் வாயிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. தலை மூன்றாவது தூணைத் தாண்டிய பிறகும் வால் உள்ளேதான் இருந்தது.

சொர்ணாம்பாளின் அலறல் அக்கரை வரை கேட்டது. எருமைகள் திரும்பி ஓடின. அவளும் கையை ஊன்றிக் கரையேறிவிட்டாள். அது துரத்தவில்லை. கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் போய், கட்டைபோல நின்றுகொண்டது.

"ஆளக் கூட்டியாரேன், அங்கனயே இரிங்க அண்ணாச்சி!" என்று கத்திவிட்டு அவள் ஓடினாள்.

மூன்று மணி நேரம். நிழல் இல்லை. தாகம் தொண்டையைப் பிடுங்கியது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளத் துணிவில்லை. ஒருமுறை கண் செருகித் திறந்தபோது அதைக் காணவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். பிறகு மறுபடி அதே இடத்தில் இரண்டு கண்கள் மிதந்தன.

வனத்துறை ஆட்கள் படகோடு வந்து அவரை இறக்கினார்கள். பாக்கியசீலன் என்ற காவலர் கூரையைச் சுற்றிப் பார்த்தார். ஓர் ஓரத்தில் பாசி நீளமாக வழிக்கப்பட்டு, கல்லில் நகக் கீறல்கள் இருந்தன.

"எத்தன நாளா இங்கன வாரிய அண்ணாச்சி?"

"ஆறு மாசமா. வாரம் தவறாம."

"அதுவும் இங்கனதான் வெயில் காயுது" என்றார் பாக்கியசீலன். "நீங்க போன பொறவு வரும்போல."

ஒன்பதாம் நாள், வனத்துறை வைத்த கூண்டில் முதலை சிக்கியது. ஊரே திரண்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்த முத்துமாலை, கூண்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து அளந்தார். உள்ளே கிடந்தது எட்டு அடி தேறாது. தூண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை நினைத்துப் பார்த்தார். அன்று பார்த்தது இதைவிட ரொம்பப் பெரிது என்று பாக்கியசீலனிடம் சொன்னதற்கு, "பயத்துல பாத்தா எல்லாம் பெருசாத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

பக்கத்தில் நின்ற சொர்ணாம்பாள் சிரிக்கவில்லை. முத்துமாலை காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இது இல்ல அண்ணாச்சி" என்றாள்.

அன்று சாயங்காலம், பயம் தெளிந்த ஜனங்கள் சோப்பும் துண்டுமாகப் படித்துறைக்குத் திரும்பினார்கள். முத்துமாலையும் சொர்ணாம்பாளும் கடைசிப் படியில் குறுக்கே நின்று, ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, இறங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிலர் கேட்டார்கள். சிலர் அவர்களை விலக்கிவிட்டு இறங்கினார்கள்.