இடது முனை

மீட்டர் இரண்டாவது பெட்டியைப் பிரித்தபோது நான் இடது ஷூவின் நாடாவை மூன்றாவது தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு நிறம், அடியில் காந்தம். அதே மாதிரி ஒன்று ஏற்கெனவே எடை தூக்கும் பார்பெல் கம்பியின் வலது முனையில் ஒட்டிக்கொண்டு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு வைக்கப்போறேன்க்கா" என்றான் மீட்டர். நான் கட்டி முடித்த நாடாவை அவிழ்த்து நான்காவது தடவையாகக் கட்டத் தொடங்கினேன். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஏழு மாதமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் நான் கெட்டிக்காரி.

மீட்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்து, ஆட்களைத் தூக்கி இறக்கும் தெம்பு எங்களிடம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிற உடற்பயிற்சியாளன். டீ ஆறிப்போச்சு என்று சொன்னால்கூட எத்தனை டிகிரி என்று யோசிக்கிற முகம். முன்பெல்லாம் தூக்க முடிந்த அதிகபட்ச எடையை நிஜமாகவே தூக்கிக் காட்ட வேண்டும். அதில் இரண்டு பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, நோயாளியைத் தூக்க வேண்டியவர்களே ஸ்ட்ரெச்சரில் போன கூத்துக்குப் பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது. முப்பது, நாற்பத்தைந்து, அறுபது கிலோ என்று மூன்று எடைகளைத் தரையிலிருந்து இடுப்புவரை முடிந்த வேகத்தில் தூக்கி நிமிர்ந்தால் போதும். எடை கூடக் கூட வேகம் குறையும். எவ்வளவு குறைகிறது என்பதைப் பெட்டி அளந்து லேப்டாப்புக்கு அனுப்பும். லேப்டாப் ஒரு கோடு கிழித்து, அதை நீட்டிக்கொண்டே போய், இவளால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற எடை இன்னது என்று சொல்லிவிடும். தொண்ணூற்றைந்தும் அதற்கு மேலும் வந்தால் வண்டியில் வேலை. குறைந்தால் டாக்டர் சான்றிதழ் கொண்டுவரும்வரை போன் எடுக்கிற வேலை. எனக்குக் கடைசி இரண்டு தடவையும் நூற்று மூன்று, நூற்று நான்கு.

நூற்று நான்கு என்று அச்சான சீட்டைப் பர்ஸிலேயே வைத்திருந்தேன். சிலர் பிள்ளைகளின் படத்தை வைத்திருப்பார்களே, அந்த உறையில். இடது கை முதலில் மக்கர் செய்தது சட்டைப் பொத்தானில்தான். அப்புறம் சாவிக்கொத்து நழுவியது. அப்புறம் படியிறங்கும்போது மட்டும் இடது கால் செருப்பு என்னைக் கேட்காமலே பின்னால் தங்கிவிட ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் ஒரு சப்பைக்கட்டு வைத்திருந்தேன். பொத்தான் ஓட்டை சின்னது, சாவிக்கொத்து கனம், செருப்பு தேய்ந்துவிட்டது. புதுச் செருப்பும் வாங்கினேன். அதுவும் பின்னால் தங்கியது. ஒருநாள் காலையில் டம்ளர் கையிலிருந்து போய்ச் சமையலறைத் தரையெல்லாம் டீ. வீட்டுக்காரர் குனிந்து துடைத்துக்கொண்டே, நிமிராமல், "ஒரு டாக்டரத்தான் பாரேன்" என்றார். நான் பர்ஸைத் திறந்து சீட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"நூத்தி நாலு கிலோ தூக்குறவளுக்கு எதுக்கு டாக்டரு? சந்தேகம்னா சொல்லுங்க, உங்களையே தூக்கிக் காட்டுறேன்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மெஷின் சொல்லும்போது மனுஷன் என்ன பதில் பேசுவார்? துணியைப் பிழியப் போய்விட்டார். பதினேழு வருடமாக மற்றவர்கள் உடம்பைப் பார்க்கிற வேலை எனக்கு. கதவைத் திறந்ததும், "ரெண்டு மூணு மாசமாவே கை இப்படித்தான் இருந்துச்சு" என்று ஆரம்பிக்கிறவர்கள் எத்தனை பேர். அப்பவே வந்து காட்டியிருக்கக் கூடாதா என்று மனசுக்குள் எரிந்து விழுந்துகொண்டே ஸ்ட்ரெச்சர் பெல்ட்டை மாட்டியிருக்கிறேன். அந்த மாதிரி ஆட்களில் பாதிப் பேர் வீடு திரும்புகிறார்கள். மீதிப் பேரைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை.

இரண்டாவது பெட்டி ஏன் என்பதை மீட்டரே சொன்னான். வேறொரு நிலையத்தில் பெட்டி ஒருவருக்கு நூற்று இருபது என்று சொல்லியிருக்கிறது. அந்த மனிதர் பந்தயம் கட்டி நூற்றுப் பத்தைத் தூக்கப் போய் படுத்த படுக்கையாகிவிட்டார். பெட்டி சொல்வதை நம்பலாமா கூடாதா என்று மேலிடத்திலிருந்து கேள்வி மேல் கேள்வி. இந்தப் பெட்டிகள் வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கியது மீட்டர்தான், அதனால் பதிலும் அவன்தான் சொல்ல வேண்டும். பழைய பெட்டியோடு புதுப் பெட்டி ஒன்றையும் வைத்து, இரண்டும் ஒரே கணக்கைக் காட்டுகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்கள். "ரெண்டும் வேற வேற சொல்லிச்சுன்னா என் கத முடிஞ்சுதுக்கா" என்றான். லேப்டாப் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். பாவம், எங்கள் இரண்டு பேரில் பதற்றத்தை மறைக்கத் தெரியாதவன் அவன்தான்.

இவ்வளவு நாளும் பெட்டி வலது முனையில் இருந்ததற்குப் பெரிய காரணமெல்லாம் கிடையாது. அந்த அறையில் பிளக் பாயிண்ட் வலது பக்கச் சுவரில் இருக்கிறது. லேப்டாப் அங்கே, நாற்காலி அங்கே, ஆகவே மீட்டரும் அங்கே. கைக்கு எட்டிய முனையில் ஒட்டிவிடுவான். பார்பெல் ஒரே கம்பிதானே, எந்த முனையில் அளந்தால் என்ன?

முப்பது கிலோவில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பத்தைந்தில் திரையில் வலது முனையின் நீலப் புள்ளியும் இடது முனையின் சிவப்புப் புள்ளியும் கொஞ்சம் விலகி உட்கார்ந்தன. அறுபதைத் தூக்கும்போது கம்பி என் முட்டியைத் தாண்டுகிற இடத்தில் வலது பக்கம் முந்திக்கொண்டது. இடது பக்கம் பின்னாலேயே வந்து சேர்ந்தது, வந்து சேராமல் இல்லை. எப்போதும் இப்படித்தானே தூக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எப்போதிலிருந்து என்று யோசிக்கவில்லை. கோடுகள் நீண்டன. கிட்டக் கிட்டக் கிளம்பிய இரண்டு கோடுகளும் போகப் போக விலகி, நீலம் நூற்று நான்கிலும் சிவப்பு எழுபத்தொன்பதிலும் போய் நின்றன.

மீட்டர் பேயறைந்தவன்போல் திரையைப் பார்த்தான். பிறகு, "புதுசுலதான் ஏதோ கோளாறு" என்றான். "ஆறு மாசமா பழசு உங்களுக்குச் சரியாத்தானே காட்டுது? புதுசு டப்பா." எனக்கு அவனை அப்படியே தூக்கிக் கொஞ்சலாம் போலிருந்தது. ஆமாம் தம்பி, டப்பாதான், திருப்பி அனுப்பு என்று அவசரமாகச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே அவசரம் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. சுவரில் சாய்ந்து நின்றிருந்த டிரைவர் அண்ணா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒன்பது வருடமாக ஒரே வண்டியில் போகிறோம். ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டை நான் பிடித்தால் கால்மாட்டை அவர் பிடிப்பார். ரேடியோவுக்குப் போட்டியாகப் பேசுகிற மனிதர். அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"திருப்பி அனுப்பணும்னா காரணம் எழுதணும்க்கா. பெட்டிய இடம் மாத்தி வச்சு இன்னொரு தடவ பாத்துடலாம். புதுசு வலது பக்கம், பழசு இடது பக்கம். பெட்டி கோளாறுன்னா அந்தக் கம்மி நம்பரும் பெட்டியோடவே இந்தப் பக்கம் வந்துரும்."

"நான் தூக்குறேன் தம்பி. அவள விடு" என்றார் அண்ணா.

"ஆள மாத்தக் கூடாதுண்ணா. அப்புறம் கணக்கே தப்பாயிடும்."

"அந்த நம்பர் பெட்டியோட வரலன்னா?"

"வராம எங்கண்ணா போகும்?" என்று சிரித்தான் மீட்டர். அண்ணா சிரிக்கவில்லை.

நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. மீட்டர் போனில் நேரம் வைத்துவிட்டுப் பெட்டிகளைத் துடைத்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான்கு நிமிடம் பத்து விநாடி. பெட்டி கெட்டிருக்க வேண்டும் என்று யாரை வேண்டிக்கொள்வது, எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டேன். மூன்று நிமிடம். ஒரு யோசனை வந்தது. வலது கையைக் கொஞ்சம் அடக்கி வாசித்தால் கம்பி சமமாக ஏறும். இரண்டு பெட்டியும் ஒரே நம்பர் காட்டும். எழுபத்தொன்பதோ எண்பதோ. உடம்பு சரியில்லை, ராத்திரி தூக்கம் இல்லை, அடுத்த வாரம் தூக்குகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு நிமிடம். யாருக்கும் என்பதில் நானும் சேர்த்தியா? அந்த இடத்தில் யோசனை முட்டி நின்றது. எனக்குப் பயமாக இருந்தது. இதுவரை பட்டது பயமில்லை, பயம் வராமல் இருக்கச் செய்த வேலைகள். இதுதான் பயம். ஆனால் அதன் அடியில் முதல் தடவையாக, தெரிந்துகொண்டால் தேவலை என்றும் இருந்தது. போன் கூவியது.

அடக்கி வாசிக்கவில்லை. மாறாக இடது பக்கத்துக்காகவே தூக்கினேன். என்னிடம் இருந்த தெம்பையெல்லாம் இடது காலுக்கும் இடது கைக்கும் அனுப்பினேன். போ, போ, போ என்று பல்லைக் கடித்துக்கொண்டு விரட்டினேன். முப்பது. நாற்பத்தைந்து. அறுபதில் கண்ணை மூடிக்கொண்டேன். நிமிர்ந்து நின்று கண்ணைத் திறந்தபோது வலது கை சும்மா, அலட்டிக்கொள்ளாமல், முன்னாடியே வந்து நின்றிருந்தது. கம்பியை இறக்கி வைத்தேன். திரையைப் பார்க்காமல் மீட்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முகம் மலர்ந்தது. "அக்கா!" என்று இரண்டு கையையும் தூக்கினான். "ரெண்டும் சரிக்கா! வலது நூத்தி மூணு, இடது எழுபத்தெட்டு. பெட்டி மாறியும் ஒரே ஒரு கிலோதான் வித்தியாசம். ரெண்டு பெட்டியுமே அப்படியே துல்லியம்! நான் சொன்னேன்ல, மெஷின்ல தப்பே..."

அங்கே நிறுத்தினான். தூக்கிய கைகள் மெதுவாக இறங்கின. நல்ல பையன், கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். ஆறு மாதமாக எனக்கு நூற்று மூன்று, நூற்று நான்கு என்று சொல்லிவந்த அதே பழைய பெட்டி இப்போது இடது முனையிலிருந்து எழுபத்தெட்டு என்றது. விளக்கு மட்டும் அதே பச்சையில் சிமிட்டியது. அது ஒருநாளும் பொய் சொன்னதில்லை. ஒட்டி வைத்த இடத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறது.

"கொஞ்ச நாளாத்தான் தம்பி" என்றேன். குரல் யாருடையதோபோல் வந்தது. "ஒரு ரெண்டு மூணு மாசமா இருக்கும்..." சொல்லும்போதே அந்த வாக்கியத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏழு" என்றார் அண்ணா. "ஏழு மாசம்மா. தலைமாடு ஒரு பக்கமா சாயுதேன்னு நான் கைய மாத்திப் பிடிக்க ஆரம்பிச்சு."

"தெரிஞ்சும் ஏன்ணா சொல்லல?" கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நீதான் சீட்டக் காட்டுனியே. நூத்தி நாலுன்னு." அவர் கீழே பார்த்தார். "எனக்கும் அது போதுமா இருந்துச்சு."

மீட்டர் படிவத்தை வைத்துக்கொண்டு தவித்தான். அதில் நம்பர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. எதைக்கா எழுதட்டும் என்று அவன் கேட்கவில்லை, பேனா கேட்டுக்கொண்டு நின்றது. வலதை எழுதச் சொன்னால் எழுதிவிடுவான் என்று தோன்றியது. "ரெண்டையும் எழுது தம்பி" என்றேன். "எது எந்தப் பக்கம்னும் எழுது." கட்டம் போதாமல் ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதினான். கையெழுத்தை நான் வலது கையால் போட்டேன், அதில் பழுதில்லை.

அண்ணா வண்டிச் சாவியை எடுத்தார். "ஆக்ஸிஜன் சிலிண்டர் மாத்த ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஏறு." சிலிண்டரை முந்தாநாள்தான் மாற்றியிருந்தோம். பழக்கத்தில் பின்கதவைத் திறந்து ஏறி, பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தேன், அவர் எடுக்கவில்லை. அண்ணா சைரன் போடவில்லை, ஆனாலும் முன்னால் போன வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டிருக்க வேண்டும், நாங்கள் எங்கும் நிற்காமல் போனோம்.

பெரிய சிக்னலில் மட்டும் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும், மடியில் ஒரு பை. ஆம்புலன்ஸைப் பார்த்ததும் எல்லாரும் செய்கிற மாதிரி அவளும் குனிந்து, கண்ணாடி வழியாக உள்ளே யாருக்கு என்ன என்று பார்த்தாள். காலையில் நான் சுருக்கமில்லாமல் விரித்து வைத்த வெள்ளை விரிப்பில், தலையணையில், பூட்டாமல் தொங்கிய பெல்ட்டுகளில் அவள் கண் தேடியது. அங்கே யாரும் இல்லை. பிறகு அவள் பார்வை மெல்ல நகர்ந்து என்மேல் வந்து நின்றது.