படகில் இடமில்லை

நேர்முகத் தேர்வுக்கு இன்னும் இருபது நிமிடம். கஸ்தூரிக்கு அழுகை வரவே இல்லை.

"தோள்ல தூக்கிட்டுப் போனாருன்னு சொல்றப்போ தொண்டை அடைக்கணும் லா!" என்று பல்லைக் கடித்தான் தீபன். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். லாபிஸிலிருந்து ஜொகூர் பாரு வரை மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு, வழி நெடுகப் பாடம் நடத்தியபடியே வந்தவன்.

பாடம் இதுதான். கஸ்தூரிக்குப் பத்து வயது. சிகாமட்டில் பெரிய வெள்ளம். கூரைமேல் அழுதுகொண்டிருந்தவளை, ஆரஞ்சுப் படகில் வந்த தீயணைப்பு வீரர் தோளில் தூக்கிக் காப்பாற்றினார். அன்றே முடிவு செய்துவிட்டாள், வளர்ந்ததும் பொம்பா என்ற தீயணைப்புத் துறையில்தான் வேலை என்று.

உண்மையில் கஸ்தூரியின் வீடு மேட்டில் இருந்தது. அவள் பார்த்த ஒரே வெள்ளம், குளியலறைக் குழாய் உடைந்தபோது வந்தது.

"பொய் சொல்லச் சொல்றியேடா!"

"பொம்பா இன்டர்வியூவுக்குன்னே இருக்கிற வாட்ஸ்அப் குரூப்ல வந்த பதில் இது. சும்மாவா? உன் உண்மைக் காரணத்தைச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நிச்சய மோதிரத்தை அறுத்தது எங்கம்மாவுக்கே இன்னும் தெரியாது!"

கஸ்தூரிக்கு இது மூன்றாவது முயற்சி. முதல் தடவை ஓட்டத்தில் கோட்டை விட்டாள். இரண்டாவது தடவை கயிறு ஏறுவதில். இந்த முறை இரண்டையும் தாண்டியாகிவிட்டது. மிச்சம் எதிரே இருக்கும் நேர்முக அறையின் கதவு. இதிலும் போனால், மறுபடியும் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்ட வேண்டியதுதான்.

அப்போது பக்கத்து நாற்காலியில் ஒரு முணுமுணுப்பு.

"எனக்குப் பத்து வயசு... கூரை மேல... ஆரஞ்சு கலர் படகு..."

கஸ்தூரி திடுக்கிட்டுத் திரும்பினாள். கண்ணை இறுக மூடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான் ஒருவன். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் செல்வா என்று பெயர்.

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"இதே ஜொகூர் பாருதான். பிளாட்டு வீடு. பத்தாவது மாடி."

"பத்தாவது மாடிக் கூரைக்கா படகு வந்துச்சு?"

செல்வாவின் முகம் போன போக்கைப் பார்த்துக் கஸ்தூரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. முகம் சிவக்க வெளியே வந்தாள் ஷர்மைன் என்ற பெண்.

"என்ன கேட்டாங்க?" என்று செல்வா பாய்ந்தான்.

"அந்தப் படகு எத்தனை பேரைத் தாங்கும்னு கேட்டாங்க. இன்னிக்கு நான் ஆறாவது ஆளாம்!"

கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டாள். அதே நேரம் உள்ளிருந்து அழைப்பு. அவள் பெயர்!

"படகு கலரை மாத்திடு! நீலம்னு சொல்லு!" பின்னாலிருந்து தீபன் கிசுகிசுத்தான்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர் களைத்துப்போன முகத்தோடு மலாயில் கேட்டார். "ஏன் இந்த வேலை?"

படகு நாக்கு நுனி வரை வந்தது. நீலமா, ஆரஞ்சா? சிரிப்பும் கூடவே வந்தது. வருவது வரட்டும்!

"என் விரல்ல மோதிரம் மாட்டிக்கிச்சு, துவான்," என்றாள் மலாயில்.

அதிகாரியின் பேனா நின்றது.

கொட்டிவிட்டாள் எல்லாவற்றையும். தீபன் தன் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்து வாங்கிய மோதிரம். நிச்சயம் முடிந்த மறுநாள் காலை அவள் விரல் கத்திரிக்காய் நிறம். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு ஓட்டம். அங்கிருந்த வீரர் ஒருவர் சின்ன ரம்பத்தால் மோதிரத்தைப் பாதி அறுத்திருப்பார், அபாயமணி அலறியது! "இங்கேயே இருங்க, வந்துடுறேன்" என்று வண்டியில் தாவிப் பறந்துவிட்டார்.

"ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தார். முகமெல்லாம் கரி. ஒரு வாய் தண்ணி குடிக்கல, துவான். நேரா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வந்து, 'மீதியை முடிச்சிடலாமா?'ன்னு கேட்டார். ஒரு வீட்டுத் தீயை அணைச்சிட்டு வந்தவருக்கு என் விரல் ஞாபகம் இருந்துச்சு. நானும் அப்படி ஒரு ஆளா இருக்கணும்னு அன்னிக்குத்தான் தோணுச்சு."



"மோதிரம் வாங்கினவர் எங்கே?" என்றார் நடுவில் இருந்தவர்.

"வெளியேதான் இருக்கார், துவான். படகையும் அவர்தான் வாங்கிட்டு வந்தார்."

மூவரும் சிரித்த சிரிப்பு வெளியே தீபன் காதில் விழுந்தது. அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஐந்து வாரம் கழித்து லாபிஸுக்குக் கடிதம் வந்தது. தேர்வு! கஸ்தூரி வாசலிலேயே குதித்தாள். கடிதத்தைப் பிடுங்கி வாசித்துக்கொண்டே வந்த தீபன், ஏழாவது விதியில் நின்றான்.

"பயிற்சி முடியும் வரை மோதிரம் அணியக் கூடாது."

"அலமாக்!" என்று சந்தோஷத்தில் கத்தியபடி அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இனி மோதிரம் எங்கேன்னு அம்மா கேட்டா அரசாங்க உத்தரவுன்னு சொல்லிடலாம்!"