நோலீன் படுக்கும் பக்கம்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தேங்காய்த்தூள் புரட்டிய லாமிங்டன் கேக்கை நான் வாயில் வைத்திருந்த நேரத்தில் நோலீன் சொன்ன இரண்டு வரிதான் இது. அன்று அந்தக் கேக் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கதையும் அப்படியேதான் தொண்டையில் நிற்கிறது.

முதல் தொடக்கம்: "ஃபிளிண்டர்ஸ் மலைகளின் மேல் மாலைச் சூரியன் செம்பொன்னை உருக்கி…" நிறுத்திவிட்டேன். பேட்டரிக் கதையில் எதுவும் உருகக் கூடாது.

இரண்டாவது: "மனித வாழ்வே ஒரு மின்கலம் அல்லவா?" இதை எழுதிய விரலை நானே கிள்ளிக்கொண்டேன்.

மூன்றாவது, நடந்தது: ஆஸ்திரேலியாவின் ஜூலைக் குளிர். வறண்ட ஓடைப்படுகையில் நாலைந்து கேரவன்கள். ஐந்து மணியானதும் அவரவர் நாற்காலி, அவரவர் கோப்பையோடு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். நோலீனின் கணவர் கிரேயம் மட்டும் உட்காரவில்லை. அவர் நாற்காலி கொண்டுவருவது பிடித்துக்கொண்டு பேசுவதற்கு.

(எங்கள் முகாமில் எல்லாரும் அவன், அவள்தான். கிரேயமுக்கு மட்டும் பேனா தானாகவே 'அவர்' போட்டுவிடுகிறது. துணைத் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர். ஓய்வு பள்ளிக்குத்தான் கிடைத்தது.)

2.

அன்றைய பாடம், பேட்டரியைப் பாதுகாப்பாக மாற்றுவது எப்படி. தன் கேரவனில் பழைய ஈயப் பேட்டரியைத் தூக்கிவிட்டுப் புது லித்தியம் பேட்டரியைத் தானே மாட்டியிருந்தார்.

"முதல்ல ஓடற எல்லாத்தையும் ஆஃப் பண்ணணும். சோலாரைக் கழட்டணும். அப்புறம் மைனஸ். அதுக்கப்புறந்தான் பிளஸ். கையில மோதிரம், வாட்ச் ஒண்ணும் இருக்கக் கூடாது. புரியுதா?"

டெஸ்மண்ட் கையைத் தூக்கினான். எனக்குப் பக்கத்து வண்டிக்காரன். வாழ்நாள் முழுக்க காப்பீடு விற்றவன். "புரியுது சார். ஒண்ணுக்குப் போகலாமா சார்?"

"சிரி, சிரி. ஒவ்வொரு இணைப்புலயும் எவர்சில்வர் வாஷர், ரெண்டு ரெண்டு போட்டிருக்கேன். கப்பல்ல போடற தரம்."

"எங்க வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்கு அடியில. குளிரும் படாது, திருடனும் தொட மாட்டான்."

"தூங்கற எடத்துல வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கேய்யா."

"விதியெல்லாம் வண்டி விக்கறவனுக்கு. நமக்கு இல்ல."

இந்த இடத்தில் ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அவரைக் கோமாளியாக்கினேன் என்பீர்கள். நோலீனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். முகத்தில் மாட்டிக்கொள்ளும் கருவி இருந்தால்தான் உறங்க முடியும். பழைய பேட்டரி விடிவதற்குள் இறங்கிவிடும், கருவி நிற்கும், அவள் திணறி எழுந்து உட்காருவாள். மனைவி விடியும்வரை மூச்சுவிட வேண்டும் என்பதற்காகத்தான் மனிதர் இத்தனையும் செய்தார். அவர் சொன்ன வரிசையிலும் ஒரு தப்பு கிடையாது.

3.

நோலீன் கேக் தட்டை நீட்டியபடி சொன்னாள்:

"என்ன வேணா கிண்டல் பண்ணுங்கப்பா. அந்த பேட்டரி வந்ததுலேருந்து எனக்குச் சுகந்தான். காலைல கிரேயம் கெட்டில் போடுவான், டீ கைக்கு வர்றதுக்குள்ள நான் படுக்கற பக்கம் மெத்தை கதகதன்னு ஆயிடும்."

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

"கெட்டில் போடாத அன்னிக்கு?"

"அன்னிக்கு ஏது சூடு?" என்று சிரித்தாள்.

(கேரவனில் வாழாதவர்களுக்கு: மின் கெட்டில் கொதிக்கும்போது பேட்டரியிலிருந்து வெள்ளமாய் மின்சாரம் பாயும். வழியில் ஒரு இணைப்பு சரியில்லை என்றால் அந்த இடம் அடுப்பாகும். நோலீன் இத்தனை நாளாக அடுப்பின் மேல் படுத்து டீக்காகக் காத்திருந்தாள்.)

இங்கே எனக்கே நோலீன் மேல் சந்தேகம் வருகிறது. மெத்தை தானாகச் சூடானால் ஒருத்தி யோசிக்க மாட்டாளா? பாத்திரத்தை மாற்றிவிடலாமா, கொஞ்சம் மந்தமானவளாக… இல்லை. பல வருஷம் கழித்து முழுசாகத் தூங்கி எழுந்தவள் அவள். நன்றாகத் தூங்கியவர்கள் எதையும் சந்தேகிப்பதில்லை.

4.

அவர்கள் வண்டிக்கு ஓடி மெத்தையைத் தூக்கினோம். கீழ்ப் பலகையில், அவள் இடுப்பு படும் இடத்தில், தட்டு அளவுக்கு ஒரு கறுப்பு. பலகையையும் தூக்கினோம். பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. சிவப்பு கேபிளின் தோல் கொப்புளித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

கேபிள் முனைக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இரண்டு எவர்சில்வர் வாஷர்கள் பளபளத்தன.

"யோவ், வாஷர் மேலதான்யா வரணும்! செம்பு முனை பேட்டரியோட நேரா ஒட்டணும். நீ நடுவுல சொருகி வெச்சிருக்க. கரெண்டு எப்படிப் போகும்? ஃபியூஸ் எங்க?" என்று கேட்டேன்.

"வாங்கியாச்சு."

"எங்க?"

"டிராயர்ல. பத்திரமா."

அடுத்து நடந்ததை நான் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன். கிரேயம் என் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் பாய்ந்தார். ஒன்றையும் அணைக்கவில்லை. மைனஸைத் தொடவில்லை. நேரே பிளஸ். விரலில் கல்யாண மோதிரம். ஸ்பேனரின் மறுமுனைக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ஒரு விரற்கடை.

முடிவு அ: ஸ்பேனர் சட்டத்தைத் தொடுகிறது. நீல வெளிச்சம். மோதிரம் விரலோடு… எழுதிப் பார்த்தேன். இரண்டாம் வரியைத் தாண்ட முடியவில்லை.

முடிவு ஆ: கிரேயம் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்கிறார். இதற்கு முடிவு அ-வே நம்பும்படி இருக்கிறது.

நடந்தது: "கிரேயம்! கைய எடுடா!" என்று நோலீன் கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது போலிருக்கிறது. பெஞ்சு மேல் ஏற்றிய பையனைப் போல உறைந்தார். டெஸ்மண்ட் இன்வெர்ட்டரை அணைத்தான். நான் சோலாரைத் துண்டித்தேன். மோதிரத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழற்றினோம். பிறகு மைனஸ், பிறகு பிளஸ். பேட்டரியைத் தூக்கிப்போய் மணலில் தள்ளி வைத்துவிட்டு, அது புகைகிறதா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புகையவில்லை.

5.

இங்கே கதை முடிந்திருக்கலாம். ஆனால் இருட்டப் போகிறது, நோலீனுக்கு மூச்சு வேண்டும். எங்களில் ஒருவரிடமும் ஜெனரேட்டர் இல்லை; எங்கள் வண்டிகளில் இருப்பதும் விடிவதற்குள் இறங்கிவிடும் ஈயப் பேட்டரிதான். எலெக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் கிடைப்பான்.

"கொஞ்ச நேரம் குடு," என்றார் கிரேயம். "வெந்த கேபிளை வெட்டிட்டு வேற முனை போடறேன். வாஷர் மேல. ஃபியூஸும் போட்டுடறேன். ராத்திரி கருவி மட்டுந்தான் ஓடும், கெட்டில் கிடையாது."

"பேட்டரிய வெளிய வெச்சே மாட்டு," என்றான் டெஸ்மண்ட்.

"கேபிள் எட்டாது."

மாட்டாவிட்டால் அவள் திணறுவாள். மாட்டினால் மறுபடியும் அவர் கைவேலையின் மேல் படுக்க வேண்டும். எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"சரி, மாட்டு," என்றாள். "ஆனா இன்னிக்கு என் பக்கம் நீ படு."

தீப்பிடித்தால் அந்தச் சின்ன வண்டியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று எதுவும் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

கிரேயம் கறுத்த பலகையைப் பார்த்தார். கையிலிருந்த ஃபியூஸைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், வாசலில்தான் நின்றிருந்தேன். எழுத மாட்டேன். இதுவரை அவருக்காக நிறையப் பேசிவிட்டேன், இந்த ஒரு பதிலை நீங்கள் சொல்லுங்கள். சாய்ந்து படுத்துக்கொண்டு படிப்பவராக இருந்தால் எழுந்து உட்கார்ந்து சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்: நோலீன் தலையணைகளை இடம் மாற்றத் தொடங்கிவிட்டாள்.