கிரிவலத்தில் தீர்ந்த சர்க்கரை

எனக்குச் சர்க்கரை நோய் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது பொய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜவ்வாது மலையில் பலாப்பழம் பழுத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். இரண்டு வருடமாக அந்த மணத்தை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் பழத்தை மற்றவர்கள் தின்றார்கள். காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்தால், கேசரிக் கரண்டி என் இலைக்கு மேலே வந்து நிற்கும். "ஐயோ, மாதம்மாளுக்குச் சக்கரையாச்சே" என்று யாராவது கத்துவார்கள். கரண்டி அடுத்த இலைக்குத் தாவிவிடும். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குச் சோறு கிடைத்தது, இனிப்புதான் போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் போர்வெல் லாரியில் வேலை செய்தவர். ஒரு தடவை காய்ச்சலோடு வந்து படுத்தார், எழுந்திருக்கவில்லை. மலைக்குக் கீழே அவரைப் பார்த்த தனியார் டாக்டர் எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறது என்றார். தினமும் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க, ஒரு நாளும் விடக்கூடாது என்றார். என் மகள் நதியாவுக்கு இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அந்த டாக்டருக்குப் பக்கத்துக் கடையிலேயே மாத்திரை வாங்கினேன். வேறெங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாரிடம் கேட்பது? எதுக்கு மாத்திரை என்று திருப்பிக் கேட்பார்களே. ஊர்க்காரர்களுக்குத் தினமும் போடுகிற மாத்திரை என்றால் சர்க்கரைதான். நானும் அதையே சொல்லி வைத்தேன்.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். எலும்பும் தோலுமாக இருந்தவளை எழுப்பி உட்கார வைத்தது. ஆனால் மாதா மாதம் ஒரு டப்பா வாங்க, புளி விற்ற காசு போயிற்று, தேன் விற்ற காசு போயிற்று, காதில் கிடந்த கம்மலும் போயிற்று. இந்த வருடம் பூ நேரத்தில் மழை அடித்துப் புளியும் காய்க்கவில்லை. விற்பதற்கு மிச்சமிருந்தது செவலை மட்டும்தான்.

செவலை என் உழவு மாடு. ஒற்றை மாடு. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளிடம் ஒரு மயிலை, அதுவும் ஒற்றை. இரண்டையும் ஒரே நுகத்தடியில் பூட்டினால் ஒரு ஏர். கன்னியம்மாளின் தம்பி பழனி முதலில் அவர்கள் கொல்லையை உழுவான், பிறகு என் கொல்லையை உழுவான். அப்படித்தான் இரண்டு வீட்டிலும் சாமை விளைந்தது. அதனால் செவலையை விற்பது என்பது நான் ஒருத்தி மட்டும் முடிவு செய்கிற காரியமில்லை. தெரிந்தேதான் கன்னியம்மாள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மாட்டு வியாபாரி கோபால்சாமியை வரச்சொன்னேன்.

அவர் செவலையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலையில் விறகுக் கட்டோடு கன்னியம்மாள் வந்து நின்றாள். விறகை அப்படியே கீழே போட்டாள்.

"இன்னாடி நடக்குது இங்க?"

"மாட்ட விக்கப் போறேன்க்கா."

"ஆனி மாசத்துல மாட்ட விப்பியா? எம்மாடு ஒண்டியா ஏர் இழுக்குமா? இல்ல, இன்னொரு பக்கம் நுகத்தடிய உங் கழுத்துல மாட்டிக்கிறியா?"

"மாத்திரைக்குக் காசு இல்லக்கா."

கோபால்சாமி செவலையின் வாயை மூடிவிட்டு நழுவப் பார்த்தார். கன்னியம்மாள் அவரை விடவில்லை. "யோவ், கேட்டியா கதைய? சக்கரை மாத்திரைக்கு மாட்ட விக்கறாளாம்! எனக்கு நெசமாவே சக்கரை. நர்சம்மா மாசாமாசம் சும்மாவே குடுக்குது. இவ மட்டும் எந்த ராஜா வூட்டு மாத்திரைய துன்றா?"

கன்னியம்மாளுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஊர் வம்பு அவள் காதைத் தொடாமல் எங்கள் தெருவைத் தாண்டாது. எனக்குச் சர்க்கரை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பாகற்காய்ச் சாறும் நாவல்கொட்டைப் பொடியும் கொண்டுவந்து, நான் விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறவள் அவள். இப்போது என் கையைப் பிடித்து, துணை சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியில் வந்தவர்களுக்கெல்லாம் விஷயத்தையும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நர்சம்மா பிரியதர்ஷினி என் விரலில் ஊசியால் குத்தி, கருவியைப் பார்த்தாள். இன்னொரு விரலிலும் குத்தினாள்.

"உங்களுக்குச் சக்கரையே இல்லையேம்மா."

"இல்லியா?" என்றாள் கன்னியம்மாள். "அப்ப நான் அரைச்ச பாவக்கா?"

"என்ன மாத்திரை போடறீங்க? காட்டுங்க."

மடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். மேலே ஒட்டியிருந்த தாளை நான் எப்போதோ கிழித்துவிட்டேன். நர்சம்மா மூடியைத் திறந்து ஒரு மாத்திரையைக் கையில் கொட்டினாள். கன்னியம்மாள் அதை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிப்போயிற்று. "மாட்ட கட்டாம வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டாள்.

நர்சம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இது எதற்கான மாத்திரை என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அந்தப் பெயரை முதல் தடவையாக நான் என் வாயால் சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. அவள் எழுந்து தண்ணீர் கொடுத்தாள்.

"இதைப் போய்க் காசு குடுத்தா வாங்கினீங்க? திருவண்ணாமலை பெரிய ஆஸ்பத்திரியில இலவசமாத் தர்றாங்கம்மா. ஆயுசு முழுக்க. இரத்தப் பரிசோதனையும் இலவசம். நீங்க வந்து போறதை யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"சும்மா குடுக்கிறது நல்லா வேலை செய்யுங்களா?"

"இதே மருந்துதான். போக வர செலவுக்கும் ஏதாவது உதவி கிடைக்குமான்னு அங்கயே கேளுங்க. ஆனா இருக்கிற மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊருக்குத் தெரியாமல் இருக்கத்தான் இத்தனை நாளும் காசு கட்டியிருக்கிறேன், மருந்துக்கு இல்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. கன்னியம்மாள் பார்த்துவிட்டாளே. அவள் பார்த்தால் மலையே பார்த்த மாதிரி. அதைவிட, அவள் என் முகத்தைப் பார்க்காமல் போனதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் பாகற்காய்ச் சாறு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இரண்டு வருடமாகச் சபித்துக்கொண்டே குடித்த சாறு அது. வரவில்லை என்றதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்து மண் பதமாகிவிட்டது. ஊரெல்லாம் ஏர் பூட்டினார்கள். செவலை கட்டுத்தறியில் நின்று கத்தியது. இனி என் மாட்டோடு அவர்கள் மாட்டைப் பூட்ட மாட்டார்கள் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மணிச் சத்தம் கேட்டது. மயிலையை ஓட்டிக்கொண்டு பழனி வந்தான், தோளில் கலப்பை, நெற்றி நிறைய திருநீறு.

பழனியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனும் ஒரு காலத்தில் போர்வெல் லாரிக்குப் போனவன்தான். திரும்பி வந்தபிறகு பக்தி முற்றிவிட்டது. மாதம் தவறாமல் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவான். எங்கள் பக்கத்தில் அவன் கையால் திருநீறு வாங்குகிறவர்கள் கூட உண்டு. எனக்கு இந்தச் சாமியார்த்தனம் பிடிக்காது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்காமல் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறானே என்று கன்னியம்மாளிடம் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன்.

"இந்த வருசம் மொதல்ல உங்க கொல்லையத்தான் உழணும்னு அக்கா சொல்லிச்சு" என்றான். செவலையை நுகத்தடியில் பூட்டிவிட்டு, "பௌர்ணமிக்கு எங்களோட கிரிவலம் வர்றீங்களாக்கா?" என்று கேட்டான்.

"எனக்கு இருக்கிற பேஜார் பத்தாதா? நீ போய்ட்டு வாப்பா."

பின்னாலேயே கூழ்ச் சட்டியோடு வந்த கன்னியம்மாள், "வர்றா. நானும் வர்றேன். வாய மூடிக்கினு கெளம்புடி" என்றாள். சட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இவ்வளவு சுருக்கமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை.

பௌர்ணமியன்று ஜமுனாமரத்தூருக்கு ஜீப்பில் போய், அங்கிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் எங்கே போகிறோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கன்னியம்மாள் உரக்கச் சொன்னாள்: "கிரிவலம்!" நானோ, இவர்களிடமிருந்து பிய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழனி கோயில் பக்கம் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தான். நாங்கள் பின்னால் ஓடினோம். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தான். வழி கேட்காமல் இடது பக்கம் திரும்பினான், படி ஏறினான், ஓர் அறை முன்னால் நின்றான். உள்ளே மேஜையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, மெதுவான குரலில், "வாங்க பழனி, இந்த மாசம் ஒடம்பு எப்படி?" என்றார்.

நான் கன்னியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்க வூட்லயும் அதே மாத்திரைதான்டி" என்றாள் கன்னியம்மாள். கண்ணில் நீர் நின்றது. "பாத்த ஒடனே தெரிஞ்சிட்டுது. ஆனா இவன் விசயத்த இவன கேக்காம நான் எப்படிச் சொல்றது? ரெண்டு நாள் யோசிச்சு, இவனே கூட்டினு போறேன்னான்."

"அப்ப கிரிவலம்?" என்றேன்.

பழனி வெட்கப்பட்டுச் சிரித்தான். "மாசாமாசம் எங்க போறேன்னு கேட்டாங்க, கிரிவலம்னு சொல்லிட்டேன்க்கா. சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லக்கூடாது இல்ல? அதனால மாத்திரைய வாங்கிட்டு, நெசமாவே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

பொய்யை மெய்யாக்க மாதா மாதம் மலையைச் சுற்றுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த வராந்தாவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். பத்தடி தள்ளி ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாத்திரையை ஒளித்து வைத்துக்கொண்டு, மாடு இரண்டை மட்டும் ஜோடி சேர்த்திருக்கிறோம்.

இரத்தம் எடுத்தார்கள், பேர் பதிந்தார்கள், நிறையக் கேட்டார்கள், பொறுமையாகச் சொன்னார்கள். என் கையில் ஒரு டப்பா வந்தது. பழக்க தோஷத்தில் சுருக்குப்பையை அவிழ்த்தேன். "உள்ள வைங்கம்மா" என்றார் கொடுத்தவர். அன்று நிலா வெளிச்சத்தில் மலையைச் சுற்றி நடந்தோம். கன்னியம்மாள் வழியெல்லாம் கால் வலிக்கிறது என்று பழனியைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

ஆடியில் மாரியம்மன் திருவிழா. சாமை முளைத்துக் கொல்லை பச்சையாக இருந்தது. செவலையின் கொம்புக்கு மஞ்சள் பூசினேன். பந்தியில் உட்கார்ந்தேன், பக்கத்தில் கன்னியம்மாள். கேசரிக் கரண்டியோடு தனசேகரன் வந்து என் இலைக்கு மேலே நின்று, வழக்கம்போலத் தாவப் பார்த்தான்.

"போடுறா அவ எலைக்கு!" என்றாள் கன்னியம்மாள். "அவளுக்குச் சக்கரை போயே போச்சு. நர்சம்மாவே குத்திப் பாத்துச் சொல்லிட்டுது."

பந்தியே திரும்பிப் பார்த்தது. எப்படிப் போச்சு என்று நாலு பேர் கேட்டார்கள்.

"கிரிவலம் போனா இல்ல? அதான்."

"அப்ப வர்ற பௌர்ணமிக்கு நாங்களும் வர்றோம்" என்று எதிர் வரிசையில் மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். பழனிக்குச் சோறு புரையேறியது.

"வாங்க, வாங்க. ஆனா எல்லாருமே மாத்திரைய விடாம துன்னுட்டுத்தான் நடக்கணும். அத்த விட்டா அண்ணாமலையாரே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தன் இலையில் தனசேகரன் தெரியாமல் போட்டுவிட்ட கேசரியை வழித்து என் இலையில் வைத்தாள்.

"இன்னாக்கா இது?"

"எனக்குத்தானே நெசமாவே சக்கரை" என்று என் காதோடு சொன்னாள். "ரெண்டு வருசம் உன் வாயக் கட்டிப்போட்டேன். என் பங்கையும் நீயே துன்னு."

தின்றேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான். தனசேகரனைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.