லொறிக்குப் பிரஜாவுரிமை இல்லை

கல்லுமலைத் தோட்டத்து வீரய்யா கங்காணியின் நாக்கு அப்படியொன்றும் நீளமில்லை. வட்டகொடை ஸ்டேசனில் நின்று பேசினால் அடுத்த ஸ்டேசனான தலவாக்கலையில் யாருக்காவது காயம் படும், அவ்வளவுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பனியில் நடுங்கி நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்களை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கணக்கப்பிள்ளை செக்ரோல் பேரேட்டில் எண்ணைப் பார்த்துக் கோடு போடுவார். கங்காணிக்கு எழுத்து வராது. கண்ணில் பட்டதுதான் பெயர்.

"ஒட்டடக்கம்பு!"

"வந்துட்டேங்க."

"கருவாடு!"

"இருக்கேங்க."

"லொறி! ஏத்தம் ஏறி வந்தாச்சா, தள்ளிவிட ஆளு அனுப்பணுமா?"

களம் சிரிக்கும். நாகலெட்சுமியும் சிரித்துக்கொண்டே, "வந்துட்டேன் கங்காணி" என்பாள். முப்பத்தெட்டாம் வருஷம் செல்லசாமியைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தவள். பதினேழு வருஷமாக அவள் லொறிதான்.

உடம்பு விஷயத்தில் கங்காணியிடம் தனி அகராதியே இருந்தது. தோட்டத்துத் துரைக்கு வயிறு முன்னால் வந்தால் அது 'கம்பீரம்'. கங்காணிக்கும் வயிறு உண்டு; ஒரு தீபாவளிக்கு அவருடைய கோட்டின் நடுப்பொத்தான் தெறித்துப் பறந்து, எதிரே நின்ற கணக்கப்பிள்ளையின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது. அந்த வயிற்றுக்குப் பெயர் 'பாரியான ஒடம்பு'. நாகலெட்சுமிக்கு மட்டும் லொறி, பீப்பா, தேயிலைப் பெட்டி. அந்த வருஷம் அவளுடைய மூத்த மகள் மீனம்மா வேலைக்குச் சேர்ந்தபோது, முதல் நாளே அவளுக்குக் 'குட்டி லொறி' என்று பெயர் விழுந்தது. அன்றைக்கு நாகலெட்சுமி சிரிக்கவில்லை. களம் சிரித்த சத்தத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

அதே வருஷம்தான் அவளுடைய பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. செல்லசாமி மண்சரிவில் போய்ச் சேர்ந்துவிட்டதால் தனக்கும் இரண்டு மகள்களுக்குமாக அவளே மனுப் போட்டிருந்தாள். இத்தனை வருஷமும் இதே தோட்டத்தில் இருந்தாள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். சாட்சி பிசகினால் மூன்று பேரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள்.

"கங்காணி, நுவரெலியா கந்தோருக்கு வந்து நீங்கதான் சொல்லணும்."

"லொறிக்கு லைசன் எடுக்கவா? வாரேன், வாரேன்."

விசாரணைக்குப் போகிறவர்களுக்கு லயத்து வீடுகளில் ஒரு புத்திமதி சொல்வார்கள். 'அங்க உள்ள ஐயா, இல்லாத ஆளோட பேரச் சொல்லி, தெரியுமான்னு கேப்பாரு. தெரியும்னு சொன்னா பொய்ச் சாட்சி, நேரா மறியல், ஜெயிலுதான்.' வீரய்யா இதை மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

கந்தோரில் மனு எண்ணைக் கூப்பிட்டு நாகலெட்சுமியை முதலில் விசாரித்து, வெளியே விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். அடுத்து கங்காணியைக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர்.

"நாகலெட்சுமி எண்டு ஒரு பொம்பிளையை உமக்குத் தெரியுமோ?"

வீரய்யா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். யாரிடம் இந்தத் தந்திரம்!

"அப்படி ஒரு ஆளு எங்க தோட்டத்திலயே இல்லீங்க."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"சத்தியமா இல்லீங்க. ஒரு பேரு சொன்னா நம்பிருவேனாக்கும்!"

"அப்ப நீர் ஆருக்குச் சாட்சி சொல்ல வந்தனீர்?"

"லொறிக்குங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வாகனங்களுக்கு நான் பிரஜாவுரிமை குடுக்கிறேல்லை. அவ எப்பிடிப்பட்ட ஆள் எண்டு சொல்லும்."

"பீப்பா மாதிரிங்க. ரெண்டு தேயிலைப் பெட்டிய அடுக்கி வச்சாப்புல..."

"பதினேழு வரியம் ஒண்டா வேலை செய்த ஆளின்ர பேர் தெரியேல்லை. உம்மை நம்பி நான் என்னத்தை எழுத?" கோப்பு மூடப்பட்டது. விசாரணையை மூன்று மாதம் தள்ளித் தவணை போட்டார்கள். அப்போதும் சாட்சி சரியில்லை என்றால் மனு தள்ளுபடி.

திரும்பும் பஸ் நானுஓயா வரை வந்துவிட்டது. கங்காணி அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததில் பஸ்ஸே பயந்துபோய் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் நாகலெட்சுமி பேசினாள்.

"லொறின்னு கூப்பிட்டப்பல்லாம் வந்தேன் கங்காணி. இன்னிக்கு ஒரு நாளு என் பேரச் சொல்லிக் கேட்டாங்க. அப்படி ஒருத்தியே இல்லேன்னுட்டீங்க."

"நீயுந்தானே சிரிச்ச? ஒரு நாளாவது வேணாம்னு சொன்னியா?"

"சிரிக்காட்டி ஏற முடியாத செங்குத்து மலையில வேலைக்கு அனுப்பியிருப்பீங்க. தொரைக்கு வயிறு வந்தா கம்பீரம், ஒங்களுக்கு வந்தா பாரி. கொழுந்தெடுக்கிறவளுக்கு வந்தா மட்டும் லொறியா? என் காலம் போவட்டும். எம் மக பேரையும் பறிச்சுட்டீங்களே."

வீரய்யா குனிந்து தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தார். அது இழுத்துப் பிடித்து நின்றது.

மறுநாள் பெரட்டில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாகலெட்சுமி!" என்றார். களம் அசையவில்லை. புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று ராக்காயி திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டேங்க" என்று நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

"ஆத்தே, இதா ஒம் பேரு?" என்றாள், பக்கத்து லயத்தில் பத்து வருஷமாக இருக்கும் ராக்காயி.

அத்தோடு விடவில்லை. ஒட்டடக்கம்பு, கருவாடு என்று நாற்பத்துமூன்று பேரிடமும் கங்காணி பெயர் கேட்டு மனப்பாடம் செய்தார். அது முடிவதற்குள் பனி உலர்ந்து, தேயிலை இன்னொரு இலை விட்டுவிட்டது. துரை வந்து என்ன தாமதம் என்று கேட்டார். "பேரு பாடம் பண்றோம் தொரை" என்றார் கங்காணி. இனி யாராவது யாரையாவது உடம்பைச் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்குச் செங்குத்து மலை என்றும் உத்தரவு போட்டார். முதல் வாரம் அங்கே போனவர் அவரேதான், மூன்று தடவை.

தவணை நாள் வந்தது. பெயர், புருஷன் பெயர், பிள்ளைகள் பெயர், தோட்டத்துக்கு வந்த வருஷம், மண்சரிந்த வருஷம் என்று வீரய்யா தடங்கலில்லாமல் சொன்னார். அதிகாரி எழுதி முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஆள் எப்பிடி இருப்பா?"

பதினேழு வருஷத்துச் சொற்கள் அத்தனையும் பல்லுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றன. கங்காணி விழுங்கினார்.

"ஐயா, ஒருத்தர ஒடம்ப வச்சுச் சொன்னா ஒடம்புதான் தெரியும், மனுசி தெரியமாட்டாங்க. கேலிக்கு வச்ச பேரு ஒரு ஆளையே இல்லாமப் பண்ணிரும். அது எனக்கு இந்த ரூமுலதான் புரிஞ்சுது. அவங்க வெளிய வாங்குல இருக்காங்க. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, வருவாங்க."

அதிகாரி கோப்பில் கையெழுத்து வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"நாகலெட்சுமி!"

"வந்துட்டேங்க."