கிளட்ச் ஹவுசிங்கில் எழுதிய பெயர்

ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பீட்டர்ஸ் சாலையிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பும்போதே சத்தம் கேட்டது. பின்சக்கரம் ஒன்று சுற்றாமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பதினோரு மாதம் காவல் நிலையத்து வாசலில் நின்ற வண்டி. தலையை நிமிர்த்திப் பார்க்காமலே அது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கூடவே தேவானை நடந்து வந்தாள். கோதண்டபாணியின் மனைவி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். இதற்கு முன் என் பட்டறைக்கு அவள் வந்ததில்லை.

வடிவேலு பின்னாலிருந்து தள்ளினான். என்னிடம் இருபது வருடமாக வெல்டிங் பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது. "இன்னாக்கா இது, பொணம் கனம் கனக்குது" என்றவன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தேவானையின் தம்பி மதிவாணன் இந்த ஜீப்புக்கும் ஒரு படகுக்கும் நடுவில் சிக்கித்தான் செத்தான். கோதண்டபாணி ஜீப்பால் படகுகளைக் கரையேற்றிப் பிழைத்தவன். அன்று மணல் மேட்டில் பாதி ஏறும்போது கியர்பாக்ஸில் பல் உதிர்ந்தது. பிரேக் பிடித்தான். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. ஈர மணலில் பின்பக்கமாக வழுக்கியது. கயிற்றைத் தூக்கிப் பிடித்திருந்தவன் மதிவாணன்.

"சுத்தி வளைக்காம சொல்லு பாய். ஓட்ட முடியுமா, முடியாதா?" என்றாள் தேவானை.

"பாக்கணும்மா."

"ஓட்டணும். வேற பொழப்பு இல்ல. இந்த வாட்டி லாரி கியர்பாக்ஸே போட்டுடு. லாரி இன்ஜினுக்கு ஜீப்போட கியர்பாக்ஸ் தாங்காதுன்னு வண்டிய பாக்க வந்த ஆபீசரே சொல்லிட்டாரு. எனக்கே தெரியுது, அந்தாளுக்குத் தெரியல."

அந்தாள் என்றது கோதண்டபாணியை.

"எப்படி இருக்கான்?" என்றேன்.

"எனக்கு இன்னா தெரியும்? சோறு வெக்கிறேன், துன்றாரு. என் தம்பிய பொதச்ச அன்னிலேர்ந்து ஒரு வார்த்த பேசல நானு. வூட்ல ரெண்டு பேரு கீறோம், செவுத்துக்குக் காது இருந்தா அதுக்கே போரடிச்சிருக்கும்."

வடிவேலு என்னைப் பார்த்தான். நான் ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேறு வண்டியின் இன்ஜினைப் பொருத்தச் சொல்லி வருகிறவர்கள், எந்த கியர்பாக்ஸ் என்று முடிவானதும், கிளட்ச் ஹவுசிங்கின் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் தேதியும் தங்கள் பெயரும் எழுத வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற அந்தக் கூடு பூட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது. பழைய தகராறு ஒன்றுக்குப் பிறகு நான் கொண்டுவந்தது. முடிவு உன்னுடையது என்று பின்னால் காட்டுவதற்கு.

போன வருடம் இந்த ஜீப்புக்கு லாரி இன்ஜின் பொருத்த வந்தபோது கோதண்டபாணி கேட்டது லாரி கியர்பாக்ஸைத்தான். இன்ஜினோடு சேர்த்து அதையும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் பார்த்து வைத்திருந்தான். "இழுக்கிற வண்டி பாய், பலமா இருக்கட்டும்" என்றான். நான்தான் வேண்டாமென்றேன். லாரிப் பெட்டி நீளம் அதிகம். முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியைத் தனியாகப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். அப்புறம் பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட் ஒன்றரைச் சாணாகக் குறுகி, செங்குத்தாக இறங்கும். அதன் மூட்டு சீக்கிரம் உடையும். இதெல்லாம் பொய்யில்லை. இன்றைக்கும் எந்த மெக்கானிக்கிடமும் நின்று வாதாடுவேன்.

ஆனால் அது வழியில்லாத கஷ்டமில்லை. சேஸிஸின் குறுக்குச் சட்டத்தை அறுத்து, டிரான்ஸ்ஃபர் பெட்டியைத் தாழ்த்தி மாட்டினால் சரியாகிவிடும். இரண்டு வார வேலை. ரம்ஜான் பிறக்க நான்கு நாள்தான் இருந்தது. நோன்பு வைத்துக்கொண்டு, வண்டிக்கடியில் மல்லாந்து, முகத்தின் மேல் வெல்டிங் பொறி விழ இரண்டு வாரம் கிடக்க என்னால் முடியாதென்று தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை. ஷாஃப்ட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். "பதமா ஓட்டினா ஜீப் கியர்பாக்ஸே தாங்கும், நான் சொல்றேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். பிரஷ்ஷை வாங்கி உள்ளே குனிந்து தன் பெயரை எழுதினான். "என் வண்டி, என் பேரு. உன் பேரை எழுதினா பொண்டாட்டி உன்னப் புடிச்சிக்குவா பாய்" என்று சிரித்தான்.

விபத்துக்குப் பிறகு போலீஸிடமும் அவன் அதையேதான் எழுதிக் கொடுத்தான்: தன் முடிவு என்று. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மதிவாணனின் சாவுக்குப் போய்த் தெருமுனையில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"நீ வீட்டுக்குப் போம்மா. நாளைக்குக் கழட்டிட்டுச் சொல்றேன்" என்றேன் தேவானையிடம்.

"இப்பவே கழட்டு. எது ஒடஞ்சு என் தம்பிய கொன்னுச்சோ அத நான் பாக்கணும்."

அவள் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கழற்ற மதியமாகிவிட்டது. போல்ட்டுகள் கடல் காற்றில் துருவேறி இறுகியிருந்தன. மூடியைத் திறந்தபோது கருத்த எண்ணெயில் முதல் கியரின் பற்கள் நான்கு கிடந்தன. தேவானை ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்தாள். நகத்தளவு இரும்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு கிளட்ச் ஹவுசிங் பக்கம் குனிந்தாள். தூசிக்கடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது.

"இது இன்னா?"

வடிவேலு முந்திக்கொண்டான். "இந்த கியர்பாக்ஸ்தான் வேணும்னு முடிவு பண்ணவங்க எழுதுறது, அக்கா. எங்க கட வழக்கம்."

"அவரு கையெழுத்துதான்."

"ஆமாக்கா, அவரோடதுதான்" என்ற வடிவேலு, அவளுக்குத் தெரியாமல் எனக்குக் கண்ணைக் காட்டினான். விட்டுவிடு என்று அர்த்தம்.

தேவானை அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் இறுகிக்கொண்டே போனது. அதுவரை எங்கேயோ கொஞ்சம் சந்தேகம் வைத்திருந்தாள் போலும். இப்போது அதுவும் போய்க்கொண்டிருந்தது. இனி அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"எழுதினது அவன்" என்றேன். "சொன்னது நான்."

அவள் நிமிரவில்லை.

"லாரிதுதான் வேணும்னான். நான் வேணாம்னேன். ஷாஃப்ட் உடையும்னேன். அதுவும் நெஜம்தான். ஆனா நோன்புக்கு முன்னாடி வேலைய முடிக்கணும்னுதான் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது."

வடிவேலு ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனான். சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"ஏன் பாய் ஒரு தபா கூட வந்து சொல்லல?"

கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தேன்.

"பதினோரு மாசம்" என்றாள். "அந்தாளும் சொல்லல. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ என்னமோ. நான் எங்க கேட்டேன்?"

எழுந்து சந்தின் முனைவரை போனாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு காதில் வைத்தாள்.

"நாந்தான்" என்றாள். "ஜீப்புக்கு எந்த கியர்பாக்ஸ் போடறது?"

அவன் என்ன சொன்னானோ எனக்குக் கேட்கவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் அசைந்தது. வெயில் நகர்ந்து அவள் காலடிக்கு வந்தது. அவள் அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள்.

"லாரிதையே போடச் சொல்றாரு. பாய் கிட்டயே குடுன்னாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"அது அவரு சொல்றது. நான் சொல்றேன், நீ தொடாத பாய். நாளைக்குக் கிண்டி பட்டறைலேர்ந்து ஆள் வரும், வண்டிய இட்டுக்கினு போவும்."

உதிர்ந்த பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் ஜீப் போய்விட்டது. உடைந்த கியர்பாக்ஸையும் அதோடு சேர்ந்த கிளட்ச் ஹவுசிங்கையும் அவர்கள் கேட்கவில்லை. வடிவேலு அதைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்றான். வேண்டாமென்றேன். அது மூலையில், எழுத்து வெளியே தெரிகிறபடி, கிடக்கிறது. என் பெயர் அதில் இல்லை.